‘ஜாயின்’ என்னும் ஆங்கில வினை: பொருளும் பிறப்பும்

இரண்டு பொருள்களை ஒன்றாகப் பொருத்துதலைக் குறிக்க ஆங்கில மொழியில் பெருவழக்காய் வழங்கும் வினை ‘ஜாயின்’ என்பது. பலகையோடு பலகையை இணைத்தலும், ஓர் ஆறு மற்றோர் ஆற்றோடு கலத்தலும், ஒருவன் படையிற் சேர்தலும், இருவரை மணத்தாற் பிணித்தலும் ஆகிய யாவும் இவ்வொரு சொல்லால் உணர்த்தப்பெறும். ஏரில் எருதைப் பூட்டுதற்குரிய நுகத்தை அம்மொழி ‘யோக்’ என்னும். இவ்விரு சொற்களும் ஒரே வேரில் தோன்றியவை எனின், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டாருள்ளும் வியவாதார் சிலரே. முதலெழுத்தும் வேறு, ஈற்றெழுத்தும் வேறு, நடுநின்ற உயிரும் வேறு. எனினும் இவை உடன்பிறந்தவை. ஒரு வேர் ஒரு மொழிக்குள் இரு வாயிலாகப் புகுந்து, ஒன்று உழவனிடத்தும் மற்றொன்று மன்றத்திலும் தங்கிய வரலாற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வேரினின்று கிளைத்த சொற்கள் வடமொழி வழியே தமிழிலும் பல புகுந்துள்ளமையின், இவ்வாராய்ச்சி நமக்கும் அயலானதன்று.

தமிழ் வரிவடிவில் ககரம் ஒன்றே இரண்டு ஒலிகளுக்கும் நிற்பதால், வேண்டுமிடத்து ‘அகல்’ என்பதில் உள்ளதுபோன்ற மெலிந்த ககரம் என்றும், ‘அக்கம்’ என்பதில் உள்ளதுபோன்ற வலிய ககரம் என்றும் பிரித்துச் சுட்டுவேம்.

இவ்விரு சொற்களின் உறவைக் கண்ணாற் காண விழைவார்க்கு ஓர் ஏட்டுச் சான்று உண்டு. கி.பி. 1000ஐ ஒட்டி வாழ்ந்த எல்ஃப்ரிக் என்னும் துறவி, மடத்திற் பயிலும் சிறுவர் இலத்தீன் பேசிப் பழகுதற்பொருட்டு வினாவிடை நூலொன்று இயற்றினார். உழவன், இடையன், வேட்டுவன், மீன் பிடிப்போன், வணிகன் முதலியோர் தத்தம் தொழிலைத் தாமே எடுத்துரைப்பதாக அந்நூல் அமைந்துள்ளது. அதன் படிகளுள் ஒன்று இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் காட்டன் தொகுதியில் உள்ளது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படியில், இலத்தீன் வரிகளின் மேல் ஒவ்வொரு சொல்லுக்கும் நேராகப் பழைய ஆங்கிலப் பொருள் எழுதப்பட்டுள்ளது. நம் உரையாசிரியர் பதவுரை போல்வது அது. உழவன் தான் விடியலிலேயே எருதுகளை வயலுக்கு ஓட்டிச் சென்று கலப்பையிற் பூட்டுவதாகக் கூறுமிடத்தில், ‘பூட்டுகின்றேன்’ என்னும் பொருளில் இலத்தீன் வரியில் நிற்கும் சொல் ‘யுங்கோ’. அதன் தலைமேல் எழுதப்பட்ட ஆங்கிலச் சொல் ‘யுகியே’. முன்னையது ‘ஜாயின்’ என்பதன் தாய்; பின்னையது ‘யோக்’ என்பதன் வினைவடிவு. எழுதியவன் பொருளொப்புமை ஒன்றையே கருதி எழுதினான். மேலும் கீழுமாக நிற்பவை ஒரு வயிற்றுப் பிறந்தவை என்பதை அவன் அறிந்திருக்க வழியில்லை. அவ்வுறவு வெளிப்பட இன்னும் 800 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

அவ்வுழவன் வாய்மொழியில் மற்றொன்றும் கருதத்தக்கது. தன் உழைப்பு மிகக் கடியது என்று கூறி, அதற்குக் காரணம் தான் உரிமையுடையவன் அல்லன் என்பதே என்கின்றான். நுகத்தடியில் எருதைப் பூட்டுபவனும் பூட்டுண்டவனே. ‘யோக்’ என்னும் சொல்லின் பிற்கால வரலாறு முழுவதும் இவ்வொரு விடையில் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

இனி, வேரினை நோக்குவோம். இலத்தீனில் ‘யுங்கெரே’ என்பது இணைத்தல். ‘யுகும்’ என்பது நுகம். இரண்டிலும் ககரம் மெலிந்தது. வடமொழியில் ‘யுனக்தி’, ‘யுஞ்ஜந்தி’ என்பன வினை. ‘யுகம்’ என்பது நுகம். கிரேக்கத்தில் ‘ஸ்யூக்னூமி’ வினை, ‘ஸ்யுகோன்’ பெயர். சிறிய ஆசியாவில் போகாஸ்கோய் என்னுமிடத்து 1906 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட களிமண் பலகைகளின் மொழியாகிய இட்டைட்டு, இந்தோ-ஐரோப்பிய இனத்தது என்று 1915இல் ஃறோஸ்னி என்னும் செக் நாட்டு அறிஞர் நிறுவினார். அம்மொழியிலும் நுகத்துக்குப் பெயர் ‘யுகன்’ என்பதே. கிறித்துவுக்கு முன் ஈராயிரத்தாண்டுக் காலத்திற் சேர்ந்த எழுத்துச்சான்று அது. இவ்வளவு தொலைவிற் பிரிந்த இனங்கள் எருதைப் பூட்டும் கருவிக்கு ஒரு சொல்லையே வைத்திருத்தலால், அவை பிரியும் முன்னரே விலங்கை வண்டியிலோ ஏரிலோ பூட்டும் வழக்கம் இருந்தது என்று அறிஞர் துணிவர். ‘இணைத்தல்’ என்னும் பொதுப்பொருளும் நுகமென்னும் கருவிப்பெயரும் ஒரு வேரின் இரு கிளைகள்.

பெயரில் இல்லாத மெல்லெழுத்தொன்று வினையில் இருப்பதைக் கூர்ந்து காண்க. யுகம், யுகும் என்பவற்றில் இல்லாத மூக்கொலி யுஞ்ஜந்தி, யுங்கெரே என்பவற்றில் இடையே வந்துள்ளது. இது எதுகை நோக்கியோ செய்யுள் நோக்கியோ விரிந்த விரித்தல் விகாரமன்று. நிகழ்காலத்துக்குரிய இலக்கண உறுப்பாக வேரின் நடுவே நுழைக்கப்பெறும் ஓர் இடைநிலை. வடமொழி இலக்கணிகள் இவ்வினத்தை ஏழாவது கணமாக வகுத்தனர். சொல் ஒத்திருத்தலினும் இத்தகைய இலக்கண உறுப்பு ஒத்திருத்தலே மொழியுறவுக்குச் சிறந்த சான்று. சொல்லைக் கடன் வாங்கலாம், வேரின் நடுவே உறுப்பு நுழைக்கும் முறையைக் கடன் வாங்குதல் அரிதினும் அரிது. வடமொழி அவ்வெல்லையைப் பிறழாது காத்தது: இறந்தகாலப் பெயரெச்ச வடிவில் ‘யுக்த’ என்றே நிற்கும், மூக்கொலி இல்லை. இலத்தீனோ வரம்பு கடந்து ‘யுங்க்துஸ்’ என்று அங்கும் அதனைப் புகுத்திவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஜாயின்’, ‘ஜாயின்ட்’, ‘ஜங்ஷன்’ என்பவற்றில் உள்ள னகரமும் ஙகரமும் அந்நிகழ்கால இடைநிலையின் எச்சமே. நம் ஊர்களில் இரயில் நிலையத்தை ஜங்ஷன் என்று கூறுவார் யாவரும், அறியாமலே, மிகப் பழையதோர் இலக்கண உறுப்பை ஒலிக்கின்றனர்.

‘யோக்’ என்பதன் ஈற்றில் மெலிந்த ககரம் இருத்தற்குரிய இடத்தில் வலிய ககரம் இருப்பது ஏன்? இதற்கு விடை 1822இல் யாக்கோப் கிரிம் தம் ஜெர்மானிய இலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில் விளக்கிய ஒலிமாற்ற விதியில் உள்ளது. டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்க் 1818இலேயே இதன் கூறுகளை எடுத்துக்காட்டியிருந்தார். இலத்தீன் முதலியவற்றில் மெலிந்து நிற்கும் ககரம் ஜெர்மானிய மொழிகளில் வலிக்கும். முழந்தாளுக்கு இலத்தீன் ‘கெனு’, ஆங்கிலத்தில் இன்று எழுத்தில் மட்டும் எஞ்சிய வலிய ககரத்தோடு கூடிய ‘நீ’. வயலுக்கு இலத்தீன் ‘அகெர்’, ஆங்கிலம் ‘ஏக்கர்’. அவ்வாறே ‘யுகும்’ என்பதற்கு நேர் ‘யோக்’. ஆகவே இது இலத்தீனிலிருந்து வாங்கிய சொல்லன்று. ஆங்கிலர் முன்னோரிடமிருந்து வழிவழியாகப் பெற்றது.

‘ஜாயின்’ அவ்வாறன்று, அது வந்தேறியது. இலத்தீன் ‘யுங்கெரே’ பிரெஞ்சு நாட்டார் வாயில் மெல்ல மாறி ‘ஜொயிந்த்ர்’ எனும் வடிவுற்றது. முதலில் நின்ற யகரம் ஜகரமாயிற்று. னகரமும் ரகரமும் அடுத்தடுத்து வந்த இடத்தில் ஒலித்தற்கு எளிமை கருதி இடையே தகரம் தோன்றிற்று. ஆங்கிலம் எடுத்துக்கொண்டது இவ்வெச்ச வடிவையன்று. ‘ஜொய்ஞ்’ என்று, நம் ஞகரத்தையொத்த ஒலியில் முடியும் பகுதியை. மொழி முதல் யகரம் ஜகரமாதல் நமக்குப் புதிதன்று. வடமொழி ‘யோகி’ இந்தியில் ‘ஜோகி’ ஆயிற்று. ‘யுகம்’ ‘ஜுக்’ ஆயிற்று. ஒரே வேரின் ஒரே எழுத்து, ஒன்றையொன்று அறியாத இரு நாடுகளில் ஒரே வகையில் திரிந்தது. ஒலித்திரிபுக்கு இயற்கை வழிகள் உண்டு என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எளிதிற் கிட்டாது. பிரெஞ்சு மொழி 13ஆம் நூற்றாண்டளவில் அந்த ஜகரத்தின் தொடக்கத்திலுள்ள தடையொலியை இழந்து குழைந்த ஒலியாக்கிவிட்டது. அதற்கு முன்னரே கடன் பெற்ற ஆங்கிலமோ பழைய ஜகரத்தை இன்றும் போற்றுகின்றது. கொடுத்தவன் இழந்ததைக் கொண்டவன் காத்துநிற்றல் சொல்வரலாற்றிற் பலகாலும் காணும் நிகழ்ச்சி.

இங்கிலாந்தை 1066இல் நார்மன் நாட்டு வில்லியம் வென்றபின், அரசவை, வழக்குமன்றம், உயர்குடி ஆகியவற்றின் பேச்சுமொழி பிரெஞ்சாயிற்று. ஆங்கில எழுத்துகளில் ‘ஜாயின்’ தோன்றுவது ஏறத்தாழ 1300ஐ ஒட்டியே. அதற்கு முன் அம்மொழிக்கு இணைத்தற் சொல் இல்லாமலில்லை. ‘ஃபேகன்’ என்னும் பழைய வினை அப்பொருளில் நன்கு வழங்கிற்று. அதன் உறவாகிய ‘ஃப்யூகன்’ ஜெர்மன் மொழியில் இன்றும் உயிரோடுள்ளது. ஆங்கிலத்தில் அது மெல்ல ஒடுங்கி, மரக்கலம் கட்டுவோர் பலகைகளை இடைவெளியின்றிப் பொருத்துதலைக் கூறும் ‘ஃபே’ என்னும் தொழிற்சொல்லாக மட்டும் எஞ்சிற்று. ஆள்வோர் சொல் வீட்டு நடுவில் அமர, வீட்டுச் சொல் தச்சுக் கொட்டகைக்குச் சென்றுவிட்டது.

வந்த சொல் முதலில் வேரூன்றியது மன்றத்திலே. கூட்டாக நிலவுரிமை பெறுதல், மனைவிக்கெனக் கணவன் எழுதிவைக்கும் சொத்துரிமை, வழக்குகளை ஒருங்கு சேர்த்தல், மறுமொழி கூறல் ஆகியவற்றுக்குரிய சட்டச்சொற்கள் பல இப்பிறப்பினவே: ‘ஜாயின்ட் டெனன்சி’, ‘ஜாயின்சர்’, ‘ஜாயின்டர்’, ‘ரிஜாயின்டர்’. தடையாணையைக் குறிக்கும் ‘இன்ஜங்ஷன்’ என்பதன் அடிப்பொருள் ஒருவன்மேல் நுகத்தை ஏற்றுதல் போல்வது. வழக்குரைகள் ஆங்கிலத்தில் நடைபெறல் வேண்டும் என 1362இல் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. அச்சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தது என்பது நகைக்கத்தக்கது. பயன் பெரிதாக விளையவில்லை. சட்டப் பிரெஞ்சு என்னும் அக்கலப்புமொழியும் இலத்தீனும் மன்றத்தினின்று முற்றாக நீங்கியது 1733இல் தான்.

இதற்கிடையே, 17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலத்தில், மக்கள் தமக்குப் புரியாத மொழியில் தமக்குத் தண்டம் விதிக்கப்படுவதைக் கண்டித்தனர். 1649இல் சர்ரே நாட்டுப் புனித ஜார்ஜ் குன்றில் பொதுநிலத்தை உழத் தலைப்பட்ட ஏழை மக்களின் தலைவராகிய ஜெரார்ட் வின்ஸ்டன்லி, அவ்வடிமை நிலையைக் குறித்த தொடர் ‘நார்மன் நுகம்’ என்பது. அதில் நுகத்தைக் குறிக்க வந்த சொல் பழைய ஆங்கில உழவனின் ‘யோக்’. மன்றத்தில் வெற்றியாளர் ‘ஜாயின்’ என்று இணைத்தனர். வயலில் தோற்றவர் அவ்விணைப்பையே ‘யோக்’ என்று உணர்ந்தனர். ஒரு வேரின் இரு கிளைகள் இவ்வாறு எதிரெதிர் நின்று வழக்காடிய காட்சி சொல்வரலாற்றில் மிக அரிது. 1650இல் பாராளுமன்றம் சட்டநூல்களை ஆங்கிலத்தில் ஆக்குமாறு விதித்தது. 1660இல் மன்னராட்சி மீண்டதும் அவ்விதி வீழ்ந்தது.

திருமணத்தில் இச்சொல் பெற்ற இடமும் குறிக்கத்தக்கது. கடவுள் கூட்டியதை மனிதன் பிரித்தலாகாது என்னும் கருத்துடைய மத்தேயு நற்செய்தி வாசகத்தில், கிரேக்க மூலத்திலுள்ள வினை ‘ஸ்யுகோன்’ என்பதன் வழிப்பட்டது. ‘ஒரு நுகத்திற் பூட்டினான்’ என்பதே அதன் சொற்பொருள். இலத்தீன் மொழிபெயர்ப்பு ‘கொன்யுங்க்ஸித்’ என்றது. 1549ஆம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலும் 1611ஆம் ஆண்டு விவிலியமும் ‘ஜாயின்’ என்றன. மூன்று மொழிகளிலும் வேர் ஒன்றே. கிரேக்கத்திலிருந்து நேரே பெயர்த்த திண்டேல் மட்டும் வேறு வேரினதாகிய ‘கப்பிள்’ என்பதை ஆண்டார். இலத்தீனில் வாழ்க்கைத் துணையைக் குறிக்கும் ‘கொன்யுங்க்ஸ்’ என்பதும் உடன் பூட்டப்பட்டவர் என்னும் பொருளது. நம் நாட்டு வைதிக மணவினையில் மணமகள் தலைமேல் நுகத்தடியை வைத்து அதன் துளையில் நீர் வார்க்கும் சடங்கு ஆபஸ்தம்பர் முதலியோர் கிருஹ்ய சூத்திர மரபில் உள்ளது. ஆங்குச் சொல்லாக நின்றது ஈங்குச் செயலாகவே நிற்கின்றது. தமிழ் விவிலியத்தார் இவ்விடத்து ‘இணை’ என்னும் சொல்லைப் பெய்தனர். அதில் நுகமும் இல்லை, எருதும் இல்லை. நயமான தெரிவென்றே தோன்றுகின்றது.

தச்சருள்ளும் இச்சொல் ஒரு பிரிவை உண்டாக்கிற்று. ‘ஜாயினர்’ எனப்பட்டோர் நுண்தச்சர். இலண்டனில் அவர்தம் தொழிற்குழு 1571இல் எலிசபெத் அரசியாரிடம் பட்டயம் பெற்றது. பெருந்தச்சரோடு அவர்க்கு நேர்ந்த பூசலை 1632இல் நகரமன்றத்தார் விசாரித்து, துளையும் கழுந்தும் பசையும் கொண்டு பொருத்துவன நுண்தச்சர்க்கும், ஆணி அறைந்து செய்வன பெருந்தச்சர்க்கும் உரியன என்ற போக்கில் பிரித்தளித்தனர். எது உண்மையான ‘இணைப்பு’ என்னும் சொற்பொருள் ஆராய்ச்சியை ஒரு நகரமன்றம் செய்ய நேர்ந்தது! ஷேக்ஸ்பியர் தம் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தில் வரும் ஜாயினர்க்கு இட்ட ‘ஸ்னக்’ என்னும் பெயர் இடைவெளியின்றிப் பொருந்துதல் என்னும் பொருளது.

ஒலி வரலாற்றில் இன்னும் ஒன்று. இன்று ‘ஜொயின்’ என ஒகரச் சாயலோடு ஒலிக்கும் இச்சொல் 17, 18ஆம் நூற்றாண்டுகளிற் பலராலும் ‘ஜைன்’ என்றே ஒலிக்கப்பட்டது. அலெக்சாந்தர் போப் 1711இல் வெளியிட்ட திறனாய்வுச் செய்யுளில் இதனை ‘லைன்’ என்பதோடு இயைபுத் தொடையாக அமைத்துள்ளார். அது பிழைத்தொடையன்று, அக்கால ஒலியின் பதிவு. பின்னர் எழுத்தைப் பார்த்து ஒலிப்பவர் பெருகவே, பழைய ஒலி நாட்டுப்புறத்துக்குத் தள்ளப்பட்டது. இறுதியொலி ஒன்றுதலை நாம் ‘இயைபு’ என்கின்றோம். இயைதல் என்பதும் சேர்தலே. சேர்தலைக் கூறும் சொல்லின் ஒலியை இயைபு காட்டிக்கொடுத்தது பொருத்தமே.

வடமொழி வழியே இவ்வேர் தமிழிற் பரந்த பரப்பு பெரிது. யோகம், யுகம், சையோகம், வியோகம், உபயோகம், பிரயோகம், வினியோகம், உத்தியோகம் ஆகிய யாவும் இதன் வழியின. ஒருமுறை பூட்டி அவிழ்க்கும்வரை செல்லும் தொலைவு ‘யோசனை’. நுகத்திற் பூட்டத் தக்கது ‘யோக்கியம்’. ஆதலின் அடிப்பொருள் நோக்கின் அயோக்கியன் என்பான் எந்த ஏருக்கும் உதவாத எருதே. மரபியலில் தொல்காப்பியர் கூறும் 32 உத்திகளில் உள்ள ‘உத்தி’ ‘யுக்தி’ என்பதன் தமிழ்வடிவு என்பது பெரும்பாலோர் கொள்கை. ‘யோகம்’ என்பதற்கு ஒன்றுதல் என்று மட்டும் பொருள் கூறுவார் ஒன்றை மறக்கின்றனர். தாதுபாடம் இணைத்தற் பொருளில் ஒரு யுஜ் தாதுவையும், சமாதிப் பொருளில் மற்றொரு யுஜ் தாதுவையும் வேறாக வகுத்துள்ளது. யோகநூலுக்குரிய சொல் பின்னதன் வழிப்பட்டது என்று வாசஸ்பதி மிஸ்ரர் தெளிவாகவே வரைந்துள்ளார்.

இனி, நம்மவர் வினவுவது ‘நுகம்’ பற்றி. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலைக்கு நுகத்தின் பகலாணியை உவமை கூறுதலால், சொல் பழையது என்பதில் ஐயமில்லை. இஃது ‘யுகம்’ என்பதன் திரிபென்பாரும், தமிழ்ச்சொல்லே என்பாரும் உளர். இருசாரார் எழுத்திலும் சான்றினும் ஆர்வம் மிக்கிருத்தல் காண்கின்றோம். வடிவு ஒத்தமையால் ஒன்று எனலாகாது: ‘பகல்’ எனப் பொருள்படும் ஆங்கில ‘டே’யும் இலத்தீன் ‘தியேஸ்’ என்பதும் ஒத்தும் உறவிலாதன, ‘உடைமை’ப் பொருளில் வரும் ஆங்கில ‘ஹேவ்’ இலத்தீன் ‘ஹபேரே’க்கு உறவன்று, பற்றுதலைக் குறிக்கும் ‘கபேரே’க்கே உறவு. வடிவு ஒவ்வாமையால் வேறு எனவும் ஆகாது. ‘ஜாயின்’, ‘யோக்’ என்பனவே கரி. எழுத்துத் தோறும் விதி காட்டல் வேண்டும்.

வடசொல்லின் முதல் யகரம் தமிழிற் பெரும்பாலும் கெடும், அல்லது இகரம் பெறும்: உகம், உத்தி, இயமன், இயக்கன். இதன்படி நோக்கின் நகரம் வந்தமைக்கு வழியில்லை. ஆயின் ‘யமன்’ சங்க நூல்களில் ‘ஞமன்’ என வந்து, பின் ‘நமன்’ ஆயிற்று. யான், மலையாள ஞான், நான் என்னும் வரிசையும் யகர ஞகர நகரங்களின் உறவைக் காட்டும். எனவே யுகம் நுகமாதற்கு ஒலிவழி அடைபட்டிலது. வழி திறந்திருத்தலே பயணம் நிகழ்ந்தமைக்குச் சான்றாகாது என்பதும் உண்மை. தமிழ்ச்சொல் என்று நாட்ட விழைவார், நுகம் என்பதன் வினைப்பகுதி யாது, அதன் கிளைச்சொற்கள் யாவை எனக் காட்டல் கடன். ஏர், நாஞ்சில், மேழி, கொழு என உழவுக் கருவிப் பெயர்கள் தமிழாயிருத்தலின் இதுவும் தமிழே என்பது துணைச்சான்றாகுமேயன்றி முதற்சான்றாகாது. நுகத்திற் சேர்த்தலைக் கூற நாம் வழங்கும் வினை ‘பூட்டு’ என்பதாதலும், நுகம் என்னும் பெயரோடு இயைந்த வினையொன்று தமிழில் வழங்காமையும் கடன்சொல் என்பார்க்குச் சற்றே துணைசெய்கின்றன. கன்னட ‘நொக’ நுகத்தையே குறிக்க, தெலுங்கு ‘நொக’ வண்டியின் ஏர்க்காலைக் குறித்தல் இடர்ப்பாடு. நுகத்தினின்று ஏர்க்காலுக்குப் பொருள் நகர்ந்ததா, அன்றி அது வேறொரு பழஞ்சொல்லா என்பது, தென்மொழிகள் நான்கிலும் வண்டி, ஏர் ஆகியவற்றின் உறுப்புப்பெயர்களை ஊர்தோறும் தொகுத்து ஒப்பிட்டால் தெளியக்கூடும்.